போதும் பொத்தான்

எங்கள் வானொலியில் எந்தப் பாட்டு போக வேண்டும் என்று முடிவு செய்வது மேனேஜர் இல்லை, நான் இல்லை, பாடியவர் நிச்சயமாக இல்லை. பத்துக் குழந்தைகள். அவர்களைக் கண்ணாடி அறையில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுப்போம். பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். அதன் மேல் "போதும்" என்று எழுதியிருக்கும். பாட்டு ஓடும்போது அலுத்துப்போனவர்கள் அழுத்தலாம். ஐந்து பேர் அழுத்திவிட்டால் பாட்டு தானாக நின்றுவிடும். பாதி வரியில் நின்றாலும் நின்றதுதான். கடைசி வரை ஓடிய பாட்டு மட்டும் காலை நிகழ்ச்சிக்குப் போகும்.

அறையின் இந்தப் பக்கம் நான். எனக்கு அவர்கள் தெரிவார்கள். அவர்களுக்குக் கண்ணாடியில் அவர்கள் மூஞ்சிதான் தெரியும். அதனால் கண்ணாடிக்கு முன்னால் வந்து பல்லைக் காட்டுவார்கள், மூக்கு நோண்டுவார்கள், நாக்கை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்று பார்ப்பார்கள். என் மேஜையில் நாற்காலிக்கு ஒன்றாகப் பத்து விளக்குகள். யார் அழுத்தினாலும் அவருடைய விளக்கு எரியும். ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் ஒரு சுவிட்ச். பிள்ளை தூங்கிவிட்டாலோ, பாத்ரூமுக்கு ஓடினாலோ, பெட்டியைக் கடித்துத் தின்னப் பார்த்தாலோ, அந்த ஒரு நாற்காலியை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கட்டைவிரலுக்கு அடியில் நசுங்கிப்போனதை நான் இந்த நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் பாவமாக இருக்கும். அப்புறம் பழகிவிட்டது.

அன்றைக்கு அந்த வரிசையில் என் வீட்டுக்காரருடைய பாட்டு இருந்தது.

ஒரு காலத்தில் அவர் "பாட்டு மாமா". அவர் குரல் வந்தால்தான் குழந்தைகள் வாயைத் திறக்கும். அம்மாக்கள் அந்த நேரம் பார்த்து ஒரு வாய் ஊட்டிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் கடைத்தெருவில் அவரோடு நடக்கவே முடியாது. யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமாவுக்குப் பாடிக் காட்டு" என்பார்கள். குழந்தை வாயை இறுக்க மூடிக்கொள்ளும். அது பாடும் வரை நாங்கள் எல்லாரும் வெயிலில் நிற்போம். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு டிங்கு வந்தான். தலைமுடி பாதி ஊதா, பாதி பச்சை. "பையைத் தூக்கிப் போடு டமால்! செருப்பைத் தூக்கிப் போடு டமால்! கவலையைத் தூக்கிப் போடு டம டம டமால்!" இதைப் பாட்டு என்று சொல்லவே கூசுகிறது என்பார் என் வீட்டுக்காரர். எனக்குக் கூச்சமெல்லாம் இல்லை, தலைவலி மட்டும் உண்டு. ஆனால் பிள்ளைகள் அவனுக்காகப் பைத்தியமாக அலைந்தார்கள். எங்கே பார்த்தாலும் டமால். போன வருஷம் ஒரு பெரிய கடையில் டிங்குவின் ஆளுயரப் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு அம்மா என் வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்து, "சார், டிங்குவோட என் பையனை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்றாள். வயதைப் பார்த்தால் அவளும் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவளாகத்தான் இருக்க வேண்டும். அவர் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்து, பையனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்கப் பேசவில்லை.

பேசாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் பெண்ணுக்கு எட்டு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் குளிக்கும்போது அவள் "டம டம டமால்" என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர் காதில் விழுந்துவிட்டது. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு வாரம். அவள் எதிரே வந்தால் செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வார். கடைசியில் அவளே போய், "இனிமே பாடமாட்டேம்பா" என்று அழுத பிறகுதான் தலையைத் தடவிக் கொடுத்தார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வாயே திறக்காத மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்கு அந்த வாரம் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் "மழைக்குப் பயந்த குடை" என்று ஒரு புதுப் பாட்டை எழுதி மெட்டுப் போட ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் வாலுவை முன்னால் உட்கார வைத்துப் பாடுவார். ஒரு சொல்லை மாற்றுவார், மறுபடி முதலிலிருந்து பாடுவார். "எப்படி இருக்கு?" என்பார். "சூப்பர்ப்பா" என்பாள். நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சூப்பரில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அவருக்கு அது கேட்கவில்லை.

பாட்டு என்னவோ நல்ல பாட்டுதான், அதை மறைக்க மாட்டேன். மழை வந்தால் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு குடை. "குடையே குடையே மூலையில் ஏன்? வா வா வெளியே, கூடவே நனைவேன்." முதல் தடவை கேட்டபோது தாளிப்பு கருகுவதுகூடத் தெரியாமல் நின்றேன். அதையே மூன்று மாதம் கேட்டால் யாருக்கும் எதுவும் கருகாது.

மேனேஜரிடம் அந்தப் பாட்டை நான் கொண்டுபோகவில்லை, அவரே கொண்டுபோனார். பழைய பாட்டுகளை எல்லாம் அடுத்த மாதத்தோடு நிறுத்தப்போவதாக அப்போதுதான் மேனேஜர் சொன்னார்.

"நாங்க என்ன சார் பண்றது? பசங்களுக்கு எது பிடிக்குதோ அதைத்தானே போட முடியும்" என்றார்.

"பசங்களுக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும். மூணு வேளையும் அதையே குடுப்பீங்களா?"

"நான் ஐஸ்கிரீம் கடை வச்சிருக்கேன் சார். மூணு வேளையும் அதைத்தான் குடுப்பேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். இவருக்குக் குழந்தைகள் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். அவருக்குக் குழந்தைகள் என்ன கேட்பார்கள் என்று தெரியும். இருவரும் அடித்துச் சொன்ன விதத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் பூட்டிவிட்டுப் போகலாம் போலிருந்தது. கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். புதுப் பாட்டை யார் பாடியது என்று சொல்லாமல் சோதனையில் வைக்கலாம். கடைசி வரை ஓடினால் காலை நிகழ்ச்சியில் அவருக்கு இடம் உண்டு, பழைய பாட்டுகளும் இருக்கும். நின்றுவிட்டால் பாட்டு மாமாவின் குரல் இனி எங்கள் வானொலியில் கிடையாது.

சோதனை நாளன்று பள்ளிக்கு அரை நாள் விடுமுறை. வாலு என்னோடு ஆபீசுக்கு வந்து வெளியே வரவேற்பறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இவர் பின்வாசல் வழியாக வந்து என் அறைக்குள் நுழைந்தார். பாடியவர்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. வருவதற்கு யாருக்கும் தைரியம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் வினை வந்தது. ஒரு பெண்குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை என்று போன். பத்து நாற்காலியும் நிரம்பாமல் சோதனையை ஆரம்பிக்கக் கூடாது. மற்ற ஒன்பது பேரும் உள்ளே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நடக்காவிட்டால் நேரப் பட்டியல் முடிவாகிவிடும்; அப்புறம் அடுத்த வருஷம்தான்.

"நம்ம வாலு வெளியிலதானே இருக்கா" என்றார் இவர்.

"சொந்தக்காரப் பிள்ளைங்க உக்காரக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"யாருக்குத் தெரியப்போகுது? யார் பாட்டுன்னே சொல்லலையே."

"அவளுக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா என்ன? ஒரு நாற்காலியாவது நம்ம பக்கம் இருக்கட்டும்" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு பாவமாகிவிட்டது. தப்பு என்று தெரிந்தேதான் கதவைத் திறந்து வாலுவைக் கூப்பிட்டேன். அப்பா வந்திருப்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பயந்துகொண்டு உட்காருவாளே என்று நினைத்தேன். அவள் துள்ளிக்கொண்டு உள்ளே போய், முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு டிங்குவுடையது. ஒரு விளக்கும் எரியவில்லை. பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்றார்கள். பொக்கை வாய்ப் பையன் செருப்பைக் கழற்றி நிஜமாகவே தூக்கிப் போட்டான். வாலு ஆடினாள். கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, ஒவ்வொரு டமாலுக்கும் குதித்து ஆடினாள். எல்லா வரியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கே கற்றாள் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அடுத்தது குடை.

முதல் வரிக்கே இரண்டு விளக்குகள் எரிந்தன. அது சகஜம். ஆடிக் களைத்த பிள்ளைகளுக்கு உடனே மெதுவான பாட்டைப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் மற்றவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள். ஒரு குட்டிப் பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். "குடை எதுக்குப் பயப்படுது?" என்று ஒருத்தன் கேட்டான், இன்னொருத்தி "உஸ்" என்றாள். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் மூன்றாவது விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து நான்காவது. இன்னும் ஒரே ஒரு சரணம் பாக்கி. இன்னும் ஒரு விரல் அழுந்தினால் முடிந்தது.

வாலு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். உதடுகள் அசைந்தன. தினமும் கேட்ட பாட்டு அல்லவா, வாய் தானாகவே பாடியது. அதுவும் பாட்டுக்கு ஒரு சொல் முன்னாலேயே. பொக்கை வாய்ப் பையன் அதைக் கவனித்துவிட்டான்.

"உனக்கு இந்தப் பாட்டு தெரியுமா?" அவன் குரல் ஒலிபெருக்கியில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"தெரியாதே."

"பின்ன எப்படி முன்னாடியே பாடுற?"

மூன்று நான்கு தலைகள் அவள் பக்கம் திரும்பின. "இது தாத்தா பாட்டு. இவளுக்கு தாத்தா பாட்டெல்லாம் தெரியுது" என்று ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகள் சிரிக்கும் சாதாரணச் சிரிப்புதான். வாலுவின் காது மடல் சிவந்துவிட்டது.

என் விரல் அவளுடைய விளக்குக்குக் கீழே இருந்த சுவிட்சுக்குப் போனது. தட்டிவிட்டால் போதும், அவள் கணக்கிலேயே இல்லை. அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம். அவ அழுத்தமாட்டா."

"ஏங்க, விடுங்க."

"நான் சொல்றேன்ல. என் பொண்ணு அழுத்தமாட்டா."

அந்தப் பிடியில் எனக்கு வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலு எல்லாருக்கும் தெரியும்படி பெட்டியை உயரத் தூக்கினாள். "எனக்கு இந்தப் பாட்டு தெரியவே தெரியாது. செம போர்" என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தினாள். பாட்டு நின்றது. "கைப்பிடி குளிருது, என் கையை" என்ற இடத்தில் நின்றது. பொக்கை வாய்ப் பையன் அவள் முதுகில் தட்டினான். அவளும் சிரித்தாள்.

நான்தான் முதலில் பேசினேன்.

"அவ உக்காந்ததே தப்புங்க. சொந்தக்காரப் பிள்ளை அழுத்தினது செல்லாது. அந்த நாற்காலியை எடுத்துட்டு, நின்ன இடத்துலேர்ந்து ஓட விடலாம். மத்தவங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க? மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் சொன்னது நியாயம்தான். அந்த ஒரு சரணம் ஓடியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இவர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க ஒரு தடவைதான் கேட்டாங்க" என்றார். "அவதான் தினமும் கேட்டா. அவ போதும்னு சொன்னா போதும்தான்."

"இதுல வீம்பு வேண்டாங்க."

"வீம்பு இல்லை. எடுக்காதே."

நான் எடுக்கவில்லை. மேனேஜருக்குப் போன் செய்து, பாட்டு நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் "சரி" என்றார். அவ்வளவு வருஷத்துப் பாட்டு மாமாவுக்கு அந்த ஒரு "சரி"தான் கிடைத்தது.

மிச்சப் பாட்டுகள் முடிந்ததும் வாலு குதித்துக்கொண்டு வெளியே வந்தாள். வரவேற்பறையில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் அவள் கால் தானாக நின்றுவிட்டது.

"எப்பப்பா வந்தீங்க?"

"இப்பதான்" என்றார் இவர்.

காரில் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், அவள் பின்னால். தெருவில் நல்ல நெரிசல். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பேசாமல் இருக்கப் போகிறார், இந்தத் தடவை எத்தனை வாரமோ என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அவளை அழ விடுவதில்லை, நானே வீட்டைத் தலைகீழாக்கிவிடுவது என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

ஆனால் அவர் பேசினார். குரலில் கோபமே இல்லை. "உள்ள என்னென்ன பாட்டு போட்டாங்க?"

"நிறையப்பா."

"நம்ம குடை?"

நான் சட்டென்று திரும்பினேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சுப்பா" என்றாள் வாலு. கொஞ்சமும் தடுமாறவில்லை. "எல்லாரும் கடைசி வரைக்கும் கேட்டாங்க. ஒருத்தர்கூட அழுத்தலை. என் பக்கத்துல இருந்த பையன் ரொம்ப நல்லாருக்குன்னான். யாரு பாடினதுன்னு கேட்டான். நான் எங்கப்பான்னு சொன்னேன்."

சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு கோர்வையாகப் பொய் சொல்ல எவ்வளவு பழகியிருக்க வேண்டும்? என் வீட்டில்தான் பழகியிருக்கிறாள். நானும் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது உறைத்துவிட்டது. கன்னத்துத் தசை ஒரு முறை இழுத்தது. அடுத்த சிக்னலில் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

"செருப்பைத் தூக்கிப் போடு டமால்... பையைத் தூக்கிப் போடு டமால்..."

அவர் வாயில் டிங்குவின் பாட்டு. வரியை முன்னும் பின்னும் மாற்றிவிட்டார்; மெட்டும் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கில் தாளம் வேறு போட்டார். இவ்வளவு கேவலமாக அவர் பாடி நான் கேட்டதே இல்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகை வந்தது.

நான் திரும்பி வாலுவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன பரீட்சை, எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று கேட்கிற பார்வை. பாடு என்று தலையசைத்தேன். அவள் உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டாள்.

அவர் விடவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினார், மறுபடி அதே இடத்தில் தப்பாக. பின் இருக்கையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பாடினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, உடம்பையே திருப்பி அவளைப் பார்த்தார்.

"அப்பா தப்பாப் பாடுறேனா கண்ணு?"

"இல்லப்பா" என்றாள். "சூப்பரா இருக்குப்பா."

பாட்டு நின்றபோது கலங்காத மனுஷன் அதைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டார். அப்பா எதற்கு அழுகிறார் என்று வாலுவுக்குப் புரியவில்லை. தான் சொன்னது போதவில்லையோ என்று பயந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "நிஜமாத்தான்பா, ரொம்ப சூப்பர்" என்றாள்.